இருபத்தேழு பேரின் ஒரே நோய்

ஒரே நாள் காலையில் வெள்ளைக்கரை உப்பளத்தில் இருபத்தேழு பேருக்கு ஒரே நோய் வந்தது. ஒரே நிமிடத்தில் வந்தது என்றுகூடச் சொல்லலாம். பத்தேகால் மணிக்கு எல்லார் செல்போன்களும் ஒன்றுபோல் கீச்சிட்டன. எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே நான்கு வரி. 'தங்கள் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கி வருவது தெரிகிறது. பதினைந்து நாட்களுக்குள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சேரவும். வண்டி அனுப்பப்படும். சிகிச்சை முற்றிலும் இலவசம்.'

பாத்திக்குள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு நின்ற செல்வக்கனி இதை ஊருக்கே கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏ, எனக்கும் அதேதான் வந்திருக்கு."

"எனக்கும்."

"முந்தி கண்ணு முகாம் போட்டாவளே, ஞாபகம் இருக்கா? நூத்திப்பத்து பேருக்கும் ஒரே பவருல கண்ணாடி குடுத்தாவ. அன்னைக்கு ஒரே கண்ணாடி, இன்னைக்கு ஒரே நோவு!" என்றாள் கனி. உப்பு வாரும் பலகைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எப்போதும் கடுகடுவென்று நிற்கும் கங்காணி சிதம்பரபாண்டிகூடச் சிரித்தார்.

அளத்தின் ஓரத்தில், ஓலைக் கொட்டகைக்குள், ஒன்பது பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இருபத்தேழு பேரின் நாடியைப் பார்க்கிற பட்டைகளும் அவள் கையில்தான் இருந்தன.

அது எப்படி அவள் கைக்கு வந்தது என்பது எட்டு மாதக் கதை.

நோய் வந்தபிறகு ஓடுவது பழைய பழக்கம், வருவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்று அரசாங்கம் ஒரு பெரிய சீர்திருத்தம் கொண்டுவந்தது. முன்னறி நலத் திட்டம் என்று பேர். பதிவு பெற்ற தொழிலாளி ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை. அது நாடியைக் கேட்கும், வியர்வையை ருசி பார்க்கும், ரத்தம் ஓடுகிற போக்கைக் கவனிக்கும், எங்கேயோ இருக்கிற பெரிய கணினிக்கு எல்லாவற்றையும் சொல்லும். உடம்பில் ஏதாவது கோணல் தெரிந்தால் மருந்து வீடு தேடி வரும். நல்ல திட்டம் என்று நான் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள், ஆனாலும் நல்ல திட்டம்தான். மருந்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அதுதான் வினை. அதன் பெயர் ஓய்வு ஆணை. சிறுநீரகம் களைத்திருக்கிறது, முப்பது நாள் வெயிலில் நிற்காதே என்று பட்டை சொல்லிவிட்டால், அந்த ஆளை அளத்துக்குள் விடக்கூடாது என்று கங்காணிக்கே உத்தரவு போய்விடும்.

முதல் மாதத்தில் பதினொரு பேருக்கு ஓய்வு ஆணை வந்தது. முப்பது நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய பாத்தியில் வேறு ஆட்கள் நின்றார்கள். அந்தப் பதினொரு பேரில் சிலருக்கு உடம்பு உண்மையாகவே தேறியிருந்தது. அதை யாரும் வெளியே சொல்லவில்லை. பாத்தி போன வயிற்றெரிச்சலில் உடம்பு தேறியதை யார் கொண்டாடுவார்கள்?

அதன்பிறகு பட்டையை ஏமாற்றுவது என்று ஊர் முடிவு செய்தது. முதலில் ஒரு வெள்ளாட்டின் காலில் கட்டிப் பார்த்தார்கள். 'பட்டை அணிபவர் மனிதராக இருத்தல் வேண்டும்' என்று செய்தி வந்தது. சரி, மனிதராகவே இருக்கட்டும் என்று யோசித்தபோது எல்லார் கண்ணும் கொட்டகைப் பக்கம் திரும்பியது. வெயில் படாத உடம்பு அளத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முத்துப்பேச்சி.

அவளுக்கென்று பட்டை கிடையாது. அளத்துப் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வேலை என்று எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே அவள் தொழிலாளி இல்லை, ஆகவே திட்டத்தில் அவள் இல்லை. காலையில் தாய்மார்கள் பிள்ளையை இறக்கிவிடும்போது பட்டையையும் கழற்றிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் வந்து பட்டையை மட்டும் கொடுத்தார்கள். யாருடையது எது என்று தெரிய ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிச்சு. இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி வரிசையாகக் கட்டிக்கொண்டு, அளத்துப் பெண்கள் புடவைக்கு மேல் போடுகிற முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பிள்ளையும் பட்டையும் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். வேலை நேரத்தில் கட்டினால் போதும் என்பதால் வீட்டில் பட்டை ஆணியில் தொங்கும்.

இதில் கணினி எப்படி ஏமாந்தது என்று கேட்பீர்கள். அது ஏமாறும்படி ஆக்கியதே நம் ஆட்கள்தான். திட்டம் வந்த புதிதில், கைரேகை எடுக்காதே, முகத்தைப் படம் பிடிக்காதே, எங்கள் உடம்பை வேவு பார்க்காதே என்று ஊர் ஊராக மறியல் நடந்தது. அரசாங்கம் இறங்கி வந்தது. பட்டைக்கு ஒரு எண் மட்டும் இருக்கும், அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்காது என்று எழுதிக் கொடுத்தது. அரசாங்கம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியது அபூர்வம். காப்பாற்றிய இடத்தில்தான் இந்தக் குழப்பம்.

அன்று மதியம் கனி கஞ்சி குடிக்கக் கொட்டகைக்கு வந்தபோது பேச்சி மெல்ல ஆரம்பித்தாள். கனி அவளுடைய செத்துப்போன புருஷனின் தங்கை. அண்ணன் போனபிறகும் மதினி வீட்டு வாசலைத் தினம் ஒருமுறை மிதிக்காமல் இருக்கமாட்டாள்.

"ஏட்டி கனி, அந்த மெசினு சொன்னது நெசமா இருந்தா?"

"எப்படி நெசமா இருக்கும்? இருபத்தேழு பேருக்கும் ஒண்ணுபோல வருமா மதினி?"

"இருபத்தேழு பேருக்கு வராதுதான். ஒருத்திக்கு வரலாமுல்லா?"

கனி கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை.

"நீ குத்துக்கல்லு கணக்கா இருக்கே. கண்டதையும் நெனைக்காதே."

"பிள்ளையத் தூக்கினா மூச்சு முட்டுது."

"ஒம்பது பிள்ளையத் தூக்கினா எனக்குந்தான் முட்டும்" என்று சொல்லிவிட்டு, பாதிக் கஞ்சியோடு கனி எழுந்து போய்விட்டாள்.

பேச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளும் அந்த மெசினை நம்பாதவள்தான். எட்டு மாதமாக ஊரோடு சேர்ந்து அதைக் கேலி செய்தவள். அது சொன்னது பொய் என்றால் நிம்மதி. ஆனால் பொய் சொல்வதற்கு அதற்கு என்ன தேவை? இருபத்தேழு பேர் நோயாளி என்று பொய் சொன்னால் மருந்து கொடுக்க வேண்டிய தலைவலி அரசாங்கத்துக்குத்தானே? அப்படியானால் நிஜமா? நிஜமென்றால் இத்தனை நாள் ஏன் இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை? யோசிக்க யோசிக்க நெஞ்சு படபடத்தது. அது பயத்தினாலா நோயினாலா என்பதும் தெரியவில்லை.

மறுநாள் அவள் துணை சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் ஸ்டெல்லா பக்கத்து ஊர்ப் பெண், பேச்சியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"சிஸ்டர், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன். ஒருத்தரு பட்டைய இன்னொருத்தரு கட்டிக்கிட்டா, அது யாரு நோவச் சொல்லும்?"

ஸ்டெல்லா அவளுடைய சட்டைக் கையை ஒரு முறை பார்த்தாள்.

"அதுக்குப் பேரு தெரியாதுக்கா. உடம்புதான் தெரியும். எந்த உடம்பத் தொட்டுக்கிட்டு இருக்கோ அதப் பத்திச் சொல்லும்." பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பேச்சியின் நெஞ்சில் வைத்தாள். வைத்த இடத்திலிருந்து வெகுநேரம் எடுக்கவில்லை. "மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"நம்ம ஊருல மாடி ஏது சிஸ்டர்?"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. வால்வு என்பது வீட்டுக் கதவு மாதிரி, அது பாதிதான் திறக்கிறது, நாளாக ஆக இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

"அப்ப ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போறேன்."

"முன்னன்னா குடுத்திருப்பேன். இப்ப எல்லாப் படுக்கையும் திட்டத்துல போயிருச்சு. எண் இருந்தாத்தான் உள்ள எடுப்பாங்க. உங்களுக்கு எண் இல்லையே."

"ஒண்ணு வாங்கித் தாங்களேன்."

"பிள்ள பாக்கிறவங்களயும் பட்டியல்ல சேக்கணும்னு நானே எழுதிப் போட்டிருக்கேன். ஃபைல் சென்னையில இருக்கு."

"எப்ப வரும்?"

"தெரியாதுக்கா" என்றாள் ஸ்டெல்லா. அவள் கண் கலங்கியிருந்தது. "ஆறு மாசம் தள்ளிப்போடாதீங்க. அம்புட்டுத்தான் நான் சொல்ல முடியும்."

திரும்பி நடந்து வரும்போது பேச்சிக்கு அழுகை வந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஊரில் இருபத்தேழு பேரிடம் அவளுடைய நோய்க்கான கடிதம் இருக்கிறது. அவளிடம் நோய் மட்டும் இருக்கிறது. யாரிடமாவது போய், உன் கடிதத்தை எனக்குக் கொடு என்று கேட்கலாம். கொடுத்தால் அந்த ஆளின் பேரில்தான் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்; இதய நோய்க்கு அறுபது நாள் ஓய்வு ஆணை, அந்த ஆளின் பாத்தி போய்விடும். எல்லார் பிள்ளையும் இவள் மடியில் வளர்ந்த பிள்ளைகள். எந்தப் பிள்ளையின் வீட்டில் போய்க் கேட்பது?

அன்றே கனியிடம் ஸ்டெல்லா சொன்னதைச் சொன்னாள். கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணும் கவுர்மெண்டு ஆளுதானே. வேற எப்படிச் சொல்லும்?"

பேச்சி தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முற்பகல் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி முன்னால் பந்தல் போட்டு மாவட்டத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். இளம்பரிதி என்று பெயர். ஆளும் இளைஞர்தான், வெயிலில் முகம் சிவந்து, கையில் ஒரு திரையை வைத்துக்கொண்டு தடுமாறித் தடுமாறிப் பேசினார்.

"பாருங்கம்மா, ஒரே ஊர்ல இருபத்தேழு பேருக்கு ஒரே நேரத்துல ஒரே நோய் வர வாய்ப்பே இல்ல. இது கருவிக் கோளாறு. துறை சார்பா வருத்தம் தெரிவிச்சுக்கிறோம். 'நான் நலமாக இருக்கிறேன்'னு ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா, அந்தக் கடிதத்தை எல்லாம் ரத்து பண்ணிடலாம்."

பந்தல் அதிர்ந்தது. அரசாங்கம் தப்பை ஒத்துக்கொண்டு அந்த ஊர் யாரும் பார்த்ததில்லை. ஒருவர் விசிலடித்தார். கங்காணி எழுந்து நின்று, "நாங்க அன்னைக்கே சொன்னோம்லா!" என்றார். வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். கையெழுத்து, கைநாட்டு, கையெழுத்து. ஒவ்வொருவரும் போட்டுவிட்டு வென்ற முகத்தோடு திரும்பினார்கள். அலுவலருக்குப் பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து கடிதம் போயிற்று. பதினைந்து போயிற்று. ஊர் சந்தோஷமாக இருந்தது, அவள் செத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே காரியம் என்பது அங்கே கையெழுத்துப் போட்ட யாருக்கும் தெரியாது.

இருபதாவது ஆள் நகர்ந்ததும் அவள் வாய் தானாகத் திறந்தது.

"சார்."

அலுவலர் நிமிர்ந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது.

"அந்த மெசினு சொன்னது தப்பு இல்லன்னா?"

"என்னம்மா சொல்றீங்க? உங்க பேர் என்ன? எண் சொல்லுங்க."

பேச்சி சுற்றிலும் பார்த்தாள். அத்தனை முகமும் அவளுக்குத் தெரிந்த முகம். சட்டைக் கையை மேலே தூக்கினால் போதும், எல்லாம் வெளிவந்துவிடும். இவளைக் காப்பாற்றுவார்களோ என்னவோ, இருபத்தேழு பாத்தியும் போவது நிச்சயம். மூச்சு மேலே மேலே வந்தது. ஒரு கையால் சட்டையின் இன்னொரு கையைப் பிடித்தாள். தூக்க முடியவில்லை.

"ஒண்ணுமில்ல சார். தெரியாமக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடைசியாகக் கனியின் முறை வந்தது. கனி பேனாவை வாங்கினாள். தரையில் இருந்த மதினியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மேசைமேல் வைத்துவிட்டாள்.

"நான் போடமாட்டேன்."

"ஏம்மா?"

"எனக்கு நோவு இருக்கு."

சிரிப்புச் சத்தம் எழுந்தது. கனி ஏதோ வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்தார்கள். கனி சிரிக்கவில்லை.

"என்ன சிரிப்பு? மெசினு சரியாத்தான் சொல்லியிருக்கு. எனக்கு நெஞ்சுல கதவு ஒட்டிக்கிட்டு இருக்கு. வண்டிய அனுப்புங்க. தொணைக்கு எங்க மதினி வருவா."

"கோளாறுன்னு துறையே சொல்லுதே..." என்று அலுவலர் இழுத்தார்.

"தொறைக்கு என்ன தெரியும்? ஒடம்பு என்னுது" என்றாள் கனி. திட்டத்தை ஊரிலேயே அதிகமாகத் திட்டியவள் அவள்தான். சிதம்பரபாண்டி அவளைப் பார்த்தார், தரையில் இருந்த பேச்சியைப் பார்த்தார், தலையைத் தடவிக்கொண்டார். அறுபது நாளும் கனியின் பாத்தியைக் காலியாக வைத்திருக்க அவருக்கு அதிகாரம் இல்லை, மனசு இருந்தாலும்.

சொன்னபடி வண்டி திங்கட்கிழமை காலையில் வந்தது. கடிதத்திலும் பட்டையிலும் படம் கிடையாது என்பதால், செல்வக்கனி என்ற பேரில் பேச்சி வந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. இதயப் பிரிவு வாசலில் இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வயதில் மூத்த ஒரு செவிலி வந்து பேச்சியிடம், "செல்வக்கனிதானே?" என்று கேட்டுவிட்டு, இனி நடக்கப்போவதைச் சொன்னாள். வால்வை விரித்துவிடுவார்கள். கூடவே அரிசி அளவில் ஒரு பொருளை நெஞ்சுக்குள் வைப்பார்கள். இனிமேல் பட்டை கட்டவேண்டிய தொல்லை இல்லை.

"உங்க எண் அதுல ஏறிடும்மா. ஆயுசு முழுக்க உங்களோடயே இருக்கும். பழைய பட்டை இன்னையோட செல்லாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பேச்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஏட்டி, உன் எண்ணு எனக்குள்ள வந்துட்டா, உனக்கு?"

"எனக்கு எதுக்கு?"

"நாளைக்கு உனக்கு ஒண்ணு வந்தா?"

"வந்தா அது சொல்லப்போவுதாக்கும்? நான் என்னைக்கு மதினி அத நம்பினேன்?" கனி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள்.

செருப்பு வார் கிடந்த இடம் அவள் பாதத்தில் வாய்க்கால் போலப் பதிந்திருந்தது. பாதம் இரண்டும் பொதபொதவென்று இருந்தன. அளத்தில் எப்போதும் பூட்ஸ், வீட்டில் எப்போதும் காலை மூடும் புடவைக் கரை. இத்தனை நாள் யார் பார்த்தார்கள்? பேச்சி குனிந்து கட்டைவிரலால் அமுக்கினாள். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருந்தது. சிறுநீரகம் களைத்து ஓய்வு ஆணை வாங்கியவர்களின் காலும் இப்படித்தான் இருந்தது.

"எப்பமிருந்து இப்படி?"

"வண்டியில காலத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தோம்லா, அதான்."

"பொய் சொல்லாத. ஒண்ணுக்கு ஒழுங்காப் போவுதா?"

கனி செருப்பை மறுபடி மாட்டப் பார்த்தாள். கால் உள்ளே போகவில்லை.

பேச்சிக்கு உலகமே தலைகீழானது. கனியின் உடம்புக்காகப் பேசவேண்டிய பட்டை இத்தனை மாதம் இவள் கையில் கிடந்து இவளுக்காகவே பேசியிருக்கிறது. எச்சரிக்கை முழுவதும் இவளுக்கு, கனிக்கு ஒரு வார்த்தை இல்லை. ஊரில் மற்ற இருபத்தாறு பேர் பாதத்தையும் அமுக்கிப் பார்த்தால் எத்தனை குழி விழும்? யார் யாரை ஏமாற்றினார்கள்? அவளுக்கு நெஞ்சு வலித்தது, நோயினால் அல்ல.

கதவு திறந்தது. "செல்வக்கனி!" என்று செவிலி கூப்பிட்டாள்.

கனி முழங்கையால் இடித்தாள். "போ மதினி. உன்னத்தான்."

பேச்சி எழுந்தாள். எழும்போதே கனியின் கையைப் பிடித்து இழுத்து அவளையும் எழுப்பினாள்.

"நான் இல்ல சிஸ்டர். இவதான் செல்வக்கனி."

"மதினி, கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கனி பல்லைக் கடித்தாள்.

செவிலி தன் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "அப்ப வால்வு கோளாறு இவங்களுக்கா?"

"இல்ல, அது எனக்கு. இவளுக்கு என்னன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"நீங்க யாரு? உங்க எண்?"

"எனக்கு எண்ணு கிடையாது. நான் பிள்ள பாக்கிறவ."

செவிலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, என்ன செய்வதென்று தெரியாத குழப்பம்தான் இருந்தது.

"இங்க ஒரு பேருதான் இருக்கு. ஒருத்தரத்தான் உள்ள விடமுடியும். செல்வக்கனி யாரும்மா?"

"ரெண்டு பேரையும் பாருங்க சிஸ்டர்" என்றாள் பேச்சி. செவிலி இன்னொரு முறை கேட்டாள், பிறகு இன்னொரு முறை. எத்தனை முறை கேட்டபோதும் பேச்சி கனியின் கையை விடவில்லை.